சித்தியின் சாக்பீஸ் வட்டம்

என் சித்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஒன்பது பத்துக்கு எங்கள் வீட்டு நடையில் ரயில் ஏறுவாள்.

நடை என்றால் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான இடம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். அங்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டிருப்பாள். ஜன்னலோர நாற்காலியில் மஞ்சள் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டியிருக்கும். அதில் யாரும் உட்காரக் கூடாது. இந்தப் பக்க நாற்காலியில் சித்தி. மடியில் கைப்பை, காலடியில் பெட்டி, முகத்தில் முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் மறைப்பு, இரண்டு கையிலும் உறை. மூன்று இருபதுக்குத்தான் இறங்க வேண்டும். ஆறு மணி பத்து நிமிடம். அதுவரை தண்ணீர் குடிக்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது, நாங்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லக் கூடாது. ஓடுகிற ரயிலில் இருப்பவளிடம் சமையலறையில் இருப்பவர்கள் எப்படிப் பேச முடியும்?

முதல் ஞாயிறு அம்மா கையில் சட்டியோடு வந்து, "கொஞ்சம் காலை மடக்குடி, சுடுது" என்றாள். சித்தி, முன்பின் தெரியாத பயணியைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்துவிட்டுக் காலை மடக்கினாள். கூடப் பிறந்த அக்காவை! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்த வாரமும் அதே பார்வையைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் டீச்சருக்காக. டீச்சர் என்றால் சித்தியின் ஒரே மகள். வேறு ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை வாலு என்பாள். அவள் வைத்த பெயர்தான் வீடு முழுக்க ஒட்டிக்கொண்டது. டீச்சருக்கு அப்போது எட்டாம் மாதம். அவள் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். தொற்றுக்குப் பயந்து எந்தத் துறைமுகமும் சேர்த்துக்கொள்ளாததால் அந்தக் கப்பல் கடலிலேயே நின்றுகொண்டிருந்தது. பிரசவத்துக்குத் துணை என்றால் சித்தி ஒருத்திதான்.

ஊரடங்கில் நின்றுபோன ரயில்கள் மறுபடி ஓடப் போவதாக அறிவித்திருந்தார்கள். அந்த ஊருக்கு முதல் வண்டி மாதக் கடைசிப் புதன்கிழமை. அதை விட்டால் மூன்று வாரம் கழித்துத்தான் அடுத்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பதினான்கு நாள் தனி அறையில் அடைபட்டுக் கிடக்க வேண்டும் என்று சட்டம் வேறு. கணக்கில் நான் எடுத்த மதிப்பெண்ணை வெளியே சொல்ல முடியாது, ஆனால் இந்தக் கணக்கு எனக்கே புரிந்தது. புதன்கிழமை வண்டியில் போனால் சித்தி மகள் பக்கத்தில் இருப்பாள். அடுத்த வண்டியில் போனால் மகள் வலியில் கத்தும்போது பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பாள்.

அந்தப் புதன்கிழமை வண்டியில் ஏற முடியுமா என்று பார்க்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை ரயில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சித்திக்குச் சோறு போடுவதே ரயில்தான். ஷெட்டில் நிற்கிற பெட்டிகளைச் சுத்தம் செய்கிற வேலை. முதலில் மருந்து அடிப்பார்கள். கதவைச் சாத்திப் பத்து நிமிடம் விடுவார்கள். பிறகு உள்ளே போய்த் துடைக்க வேண்டும். கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, இருக்கைக்கு நீலத் துணி. கைப்பிடி, ஜன்னல் கொக்கி, சாப்பாட்டுப் பலகையின் மேல்பக்கம். "மேல்பக்கத்தை எந்தச் சோம்பேறியும் துடைப்பான். கீழ்ப்பக்கத்தைத் துடைக்கிறவதான் வேலைக்காரி" என்பாள் சித்தி. முடித்ததும் கதவுக்குப் பக்கத்தில் வெளிப்புறமாகச் சாக்பீஸால் ஒரு குறி போட வேண்டும். பெயர் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, ஆளுக்கு ஒரு குறி. ஒருத்திக்கு நட்சத்திரம், ஒருத்திக்கு ஏணி. சித்தியுடையது ஒரு வட்டம், உள்ளே இரண்டு புள்ளி. வாய் போட மறந்த முகம் மாதிரி இருக்கும்.

சித்தப்பா அதற்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர் வைத்திருந்தார். "வீட்டுல வாய் ஓயறதில்ல. வேலைக்குப் போனா மட்டும் வாயில்லாப் பூச்சியா?" என்று கேட்டுத் திட்டு வாங்கிக்கொள்வார்.

சித்தப்பா பூட்டு ரிப்பேர் செய்கிறவர். மகளைப் பார்க்க அடிக்கடி போய்வருவார். டிக்கெட்டில் எந்தப் பெட்டி போட்டிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. பிளாட்பாரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, வாயில்லாப் பூச்சி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடி, அதில்தான் ஏறுவார். டிக்கெட் பரிசோதகர் வந்து சத்தம் போட்டால், "என் பொண்டாட்டி கையெழுத்துப் போட்ட பெட்டி சார் இது, நான் எப்படி இறங்கறது?" என்பார். அவர்களும் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வழியில் ஒரு நீளமான ஆற்றுப் பாலம் உண்டு. ஒன்று ஐந்துக்கு வண்டி அதன்மேல் போகும். அப்போது சித்திக்குப் போன் வரும். "பாலம் வந்துருச்சு. உன் பூச்சிப் பெட்டிலதான் இருக்கேன். மணக்குது." அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவார்.

ஊரடங்குக்கு முந்தைய கடைசி வண்டியில் அவர் திரும்பி வந்தார். பாலத்திலிருந்து போனும் வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் முடிந்துவிட்டது. எங்களுக்கு முகம்கூடக் காட்டவில்லை. ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, நீளமான வெள்ளைப் பொட்டலம் ஒன்றைப் பார்த்தோம். அது அவர்தான் என்று ஒரு காகிதம் சொன்னது.

அதற்குப் பிறகு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலைக்கு ஒரு நாள் தவறாமல் போனாள். ஓடாமல் நிற்கிற பெட்டிகளைத் துடைத்தாள். ஆனால் எந்த ரயில் இருக்கையிலும் உட்காரவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூடத் தண்டவாளத்துக்கு நடுவே நின்றுகொண்டு சாப்பிடுகிறாள் என்று அவளுடைய மேஸ்திரி அம்மாவிடம் சொன்னார்.

அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எல்லை இருந்தது. அம்மாவின் தைரியம் வாசல் கேட்டோடு சரி. எதிர்வீட்டுத் தையல்காரர் மொட்டை மாடிவரை போவார். அப்பா பால் வண்டி ஓட்டுகிறவர், ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து வாசலிலேயே சட்டையைக் கழற்றிச் சோப்பு வாளியில் போட்டுவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே வருவார். எனக்குப் பரீட்சையைத் தவிர எதற்கும் பயமில்லை. பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்பே நான் அதை மூடியிருந்தேன். சித்தியின் தைரியத்தை மட்டும் கடிகாரத்தை வைத்துத்தான் அளக்க முடிந்தது. முதல் ஞாயிறு நாற்பது நிமிடம். இரண்டாம் ஞாயிறு பாலம்வரை.

இரண்டாம் ஞாயிறு நான்தான் ரயில் சத்தம் கொடுத்தேன். சும்மா இருக்க முடியவில்லை. கரண்டியை ஜன்னல் கம்பிகளில் இழுத்தால் தடதடவென்று அசல் பாலம் மாதிரியே கேட்கும். சரியாக ஒன்று ஐந்துக்கு இழுத்தேன். சித்தி எழுந்து நின்றாள். மறைப்பைப் பிய்த்து எறிந்தாள். "இறங்கணும். என்னை இறக்கி விடுங்க."

"பாலத்துல எப்படி சித்தி இறங்குவே? ஆத்துல விழுவே" என்றேன் நான், பெரிய நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு.

அவள் குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அம்மா கரண்டியைப் பிடுங்கி அதனாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய நாள், என் பழைய பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸ் கிடைத்தது. டேப் ஒட்டிய நாற்காலியின் முதுகில் ஒரு வட்டம் போட்டேன், உள்ளே இரண்டு புள்ளி வைத்தேன். பார்த்தால் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்காவிட்டாலும், இது உன் பெட்டிதான் சித்தி, சுத்தமான பெட்டி என்று சொன்ன மாதிரி இருக்கும். வாயால் அதையெல்லாம் சொல்ல எனக்கு வராது.

காலையில் பெட்டியோடு வந்தவள் அதைப் பார்த்து நின்றுவிட்டாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"வாலு, இது நீ போட்டதாடி?"

"எது?"

"இந்த வட்டம்."

குறும்பு செய்கிறவர்களுக்கு ஒரு கொள்கை உண்டு. முதல் தடவை கேட்டதும் ஒத்துக்கொள்ளக் கூடாது. "இல்லையே" என்றேன்.

அவள் இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தாள், பக்கத்து ஆளின் துணி மிதிபடாமல் உட்காருவதுபோல ஒதுங்கி.

ஒன்று ஐந்து ஆனது. போன வாரம் வாங்கிய அடி நினைவிருந்தும் கரண்டியை மெல்ல இழுத்தேன். சித்தி எழவில்லை. டேப் ஒட்டிய நாற்காலிப் பக்கம் தலையைச் சாய்த்து, "பாலம் வந்துருச்சு" என்றாள்.

பிறகு காது கொடுத்துக் கேட்டாள்.

"ம்" என்றாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். "நிஜமாவா? இன்னும் மணக்குதா?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். வைத்த பிறகும் ஜன்னல் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. கம்பி என்றால் கொஞ்ச நேரம் அதிரத்தான் செய்யும். ஆனால் நான் ஐந்துவரை எண்ணினேன், பத்துவரை எண்ணினேன், அது நிற்கவில்லை.

அன்று அவள் பாலத்தைத் தாண்டிவிட்டாள். இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான்தான் அன்று இரவு தண்ணீர் குடிக்கக்கூட நடை வழியாகப் போகவில்லை.

அந்த வாரம் முழுக்க வீடு சரியாக இல்லை. சித்தி வேலைக்குப் போகும்போது நடையில் ஒரு நொடி நின்று, "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாலையில் வந்து குளித்துவிட்டு இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் ஒன்றைக் குடித்தாள். இன்னொன்று ஜன்னல் விளிம்பில் இருக்கும். காலையில் பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் குறையும், தெரியும். அம்மா சமையலறைக்குப் போகும்போது அந்த நாற்காலியில் இடிக்காமல் சுவரோடு ஒட்டிப் போக ஆரம்பித்தாள். ஏன் அப்படிப் போகிறாய் என்று கேட்டால், "இடம் சின்னது" என்றாள். இடம் எப்போதும் அதே அளவுதான் இருந்தது.

வியாழக்கிழமை என்னால் முடியவில்லை. சித்தி வேலைக்குப் போனதும் ஈரத்துணியால் வட்டத்தைச் சுத்தமாக அழித்தேன். மிச்சமிருந்த சாக்பீஸைக் காலால் நசுக்கிச் சாக்கடையில் போட்டேன். வீட்டில் வேறு சாக்பீஸ் கிடையாது. ஷெட்டிலிருந்தும் சித்தி எதையும் கொண்டுவர மாட்டாள். தொற்று வந்துவிடும் என்று சீருடையைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வருகிறவள்.

அழித்ததை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வட்டம் அதே இடத்தில் இருந்தது.

நான் அம்மாவைச் சமையலறை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "நீயா போட்டே?"

"நான் எதுக்குடி போடறேன்? என் கையில கரி இருக்கும், சாக்பீஸ் எங்க இருக்கும்?"

அப்பாவிடம் கேட்டேன். "எனக்கு வேற வேலை இல்லை பாரு" என்றார். அவர் பொய் சொன்னால் காது சிவக்கும். சிவக்கவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன். நான் போட்ட வட்டத்தில் இரண்டு முனையும் மேலே சேராமல் ஒரு இடைவெளி இருந்தது. இதில் அந்த இடைவெளி கீழே இருந்தது. கழுத்துக்குப் பின்னால் யாரோ ஊதின மாதிரி இருந்தது.

அன்று சித்தி ஒன்பது பத்துக்கு ஏறி, முழு ஆறு மணி பத்து நிமிடமும் உட்கார்ந்தாள். வழியில் இரண்டு மூன்று தடவை பக்கத்து நாற்காலியிடம் தணிந்த குரலில் ஏதோ பேசினாள். ஒரு தடவை சிரித்தாள். சித்தப்பா போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. மூன்று இருபதுக்கு எழுந்து பெட்டியைக் கையில் எடுத்தாள். டேப் ஒட்டிய நாற்காலியைத் திரும்பிப் பார்த்து, "பெட்டிய நான் எடுத்துக்கறேன். நீங்க படி பார்த்து மெதுவா இறங்குங்க" என்றாள்.

நடையில் படி கிடையாது.

அன்று மாலையே சொல்லிவிட்டேன். அவள் பயணத்துக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்று ஒரே மூச்சில் கொட்டினேன். "சித்தி, அந்த முதல் வட்டம் நான் போட்டதுதான். விளையாட்டுக்குப் போட்டேன். அப்புறம் பொய் சொன்னேன். அங்க யாரும் இல்ல சித்தி. நீ யார்கிட்டயோ பேசறே, பயமா இருக்கு."

அவள் நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"பார்த்த உடனே தெரியும். நான் இடக்கைக்காரி, கீழேயிருந்து தொடங்கிக் கீழேயே முடிப்பேன். உன்னோடது மேலே வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"கேட்டேனே. நீதான் இல்லன்னே."

எனக்குத் தலை குனிந்தது. பிறகு இன்னொன்று உறைத்தது. "சித்தி, அப்ப ரெண்டாவது வட்டம்?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அது என் கை மாதிரியேதான் இருக்கு" என்றாள். "ஆனா போட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. சாக்பீஸும் இல்ல."

வெளியே அப்பா வாளியில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் நடைப்பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

பிறகு சித்தி தானாகவே பேசினாள். அதுவரை யாரிடமும் சொல்லாதது. "கடைசி வண்டி அன்னைக்கு ஷெட்டுல ஒரே அமளி. எல்லா வண்டியும் ஒரே நேரத்துல கேக்கறாங்க. மேஸ்திரி கத்தறாரு, குறியைப் போடு, வண்டியை விடுன்னு. எனக்கு ரெண்டு பெட்டி பாக்கி இருந்துச்சு. ஒண்ணைத் துடைச்சேன். இன்னொண்ணுக்குள்ள நான் போகவே இல்ல வாலு. துணியைக்கூட நனைக்கல. வெளியில நின்னே வட்டம் போட்டேன். மூணு செகண்ட் வேலை. ஒரு தடவைதானேன்னு நினைச்சேன். அந்த வண்டி அங்க போயி, அவர் டீச்சர் ஊர்லேர்ந்து திரும்பி வர்ற வண்டியா வரும்னு யோசிக்கல. அவர் பிளாட்பாரம் முழுக்க நடந்து, ஆயிரம் பேர் தொட்ட பெட்டியில, என் பூச்சியைப் பார்த்து ஏறியிருக்காரு. பாலத்துல போன் பண்ணாரே, மணக்குதுன்னு. என்ன மணந்திருக்கும் சொல்லு? அங்க மருந்தே இல்ல."

தொற்று எங்கே வேண்டுமானாலும் ஒட்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். அவள் தலையாட்டினாள். அது டாக்டருடைய பதில், அவளுக்குப் போதவில்லை.

"நாற்காலியில அவர்கிட்ட அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "இன்னும் சொல்லி முடிக்கல."

புதன்கிழமை ரயில் நிலையத்துக்குள் பயணிகளைத் தவிர யாரையும் விடவில்லை. சித்தியின் மேஸ்திரி, ஊழியர்கள் நுழைகிற வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கொடுத்த ஆரஞ்சு நிறச் சீருடையை மாட்டி, முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நான் உள்ளே போனேன். முகமே இல்லாத காலத்தில் ஆள்மாறாட்டம் மிகச் சுலபம். மேஸ்திரியிடம் ஒரு துண்டு சாக்பீஸும் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது.

பிளாட்பாரத்தில் ஆளுக்கு ஆள் தூரமாக, தரையில் வரைந்த கட்டங்களுக்குள் நின்றார்கள். யாரும் பேசவில்லை. ஒருவர் தும்மினார், சுற்றியிருந்த கட்டங்கள் எல்லாம் காலியாகின. வண்டி வேறு ஊர் ஷெட்டிலிருந்து வந்திருந்தது. சித்தி என்ஜின் பக்கத்திலிருந்து கடைசிவரை நடந்தாள், பெட்டி பெட்டியாகக் கதவோரம் பார்த்தபடி. வேறு குறிகள் இருந்தன. நட்சத்திரம்கூட இருந்தது. வட்டம் இல்லை. இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் திரும்பி ஏழாம் பெட்டிக்கு வந்து நின்றாள். டிக்கெட்டில் போட்டிருந்த பெட்டி அதுதான். கைப்பிடியைத் தொடப் போனாள், கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு தடவை அப்படி. வண்டி கிளம்ப இருபத்தைந்து நிமிடம் இருந்தது. மறைப்புக்குள் அவளுடைய மூச்சு வெள்ளையாகப் படிந்து படிந்து போனது.

"என்னால முடியல வாலு. டீச்சர்கிட்ட சொல்லிடு, அம்மாவால முடியலன்னு."

நான் சாக்பீஸைக் காட்டினேன். "சித்தி, நீ கண்ணை மூடிக்கோ. நான் ஒண்ணு போட்டுடறேன். கீழே இடைவெளி விட்டே போடறேன். மூணு செகண்ட்."

சொல்லி முடிக்கும்போதே என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவள் என்னை முறைக்கவில்லை. சாக்பீஸைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து மருந்துப் புட்டியையும் நீலத் துணியையும் எடுத்தாள். துணியை இரண்டாகக் கிழித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"அந்தப் பக்க வரிசை உன்னோடது" என்றாள், ஏறிவிட்டாள்.

கைப்பிடியைத் தொட்டாளே என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். "நிக்காதே!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

பெட்டியில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். "கொஞ்சம் எழுந்திரிங்க சார். காலைத் தூக்குங்கம்மா." சீருடைக்குத்தான் என்ன மரியாதை! எல்லோரும் எழுந்தார்கள். கைப்பிடி, கொக்கி, பலகையின் மேல்பக்கம். சித்தி பின்னாலேயே வந்து என் பலகைகளின் கீழ்ப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "திரும்பச் செய்." செய்தேன்.

ரயில் கார்டு ஓடிவந்தார். "அம்மா, என்ன பண்றீங்க? துடைச்சுத்தான் அனுப்பியிருக்காங்க."

"யார் துடைச்சாங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"அதான்" என்றாள் சித்தி, கையை நிறுத்தாமல்.

கடைசியாகத் தன் இருக்கைக்கு வந்தாள். அதைத் துடைத்தாள். ஜன்னலோர இருக்கையில் மஞ்சள் டேப் பெருக்கல் குறியாக ஒட்டியிருந்தது. யாரும் உட்காரப் போவதில்லை. அதைத்தான் அவள் அதிக நேரம் துடைத்தாள், சாய்மானம், கைவைக்கிற இடம், டேப்புக்கு அடியில் விரல் விட்டு எட்டிய வரைக்கும். பிறகு பிளாட்பாரத்தில் இறங்கி என்னிடமிருந்து சாக்பீஸை வாங்கினாள். இடது கை. கீழேயிருந்து தொடங்கி ஒரு வட்டம், கீழே சின்ன இடைவெளி. இரண்டு புள்ளி.

விசில் ஊதினார்கள். என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "போய்க் கையைக் கழுவு. முழங்கைவரைக்கும்." ஏறிக்கொண்டாள்.

வண்டி நகரும்போது கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தேன். சித்தி இந்தப் பக்க இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தாள், முகக்கவசம், அதற்கு மேல் மறைப்பு. அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே டேப் ஒட்டிய இருக்கை காலியாக இருந்தது. அந்த இருக்கைக்கு நேரே ஜன்னல் கண்ணாடியில், உட்புறம், உள்ளங்கை அகலத்துக்கு மூச்சுப் பட்ட வெள்ளை. அது சுருங்கியது. மறுபடி விரிந்தது. சுருங்கியது. சித்தி அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தாள். நான் கையசைக்க நினைத்தேன், யாரைப் பார்த்து அசைப்பது என்று தெரியாமல் நின்றேன். பிறகு பொதுவாக அசைத்தேன்.

வீட்டுக்கு வந்து முழங்கைவரை கழுவினேன். ஒன்று ஐந்துக்குப் போன் வந்தது. அம்மா எடுக்கப் போனாள், நான் முந்திக்கொண்டேன். தடதட சத்தத்துக்கு நடுவே சித்தியின் குரல் கேட்டது.

"பாலம் வந்துருச்சு வாலு. பெட்டி மணக்குது."

வைத்துவிட்டாள்.

பதினான்கு நாள் தனி அறை முடிந்து நான்காம் நாள் டீச்சருக்குப் பெண் குழந்தை. சித்தி பக்கத்திலேயே இருந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரிடமே கட்டிலின் கீழ்க்கம்பியைத் துடைத்தீர்களா என்று கேட்டாளாம். படம் அனுப்பினார்கள். வாய் மட்டும்தான் முகமாக இருந்தது அந்தக் குழந்தைக்கு, அப்படி ஒரு அழுகை.

நடையிலிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றைத்தான் நான் எடுத்து வைத்தேன். டேப் ஒட்டியது இன்னும் ஜன்னலோரம் இருக்கிறது. அம்மா இப்போதும் சுவரோடு ஒட்டித்தான் போகிறாள், நான் அவளைக் கிண்டல் செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை நான் துடைக்கிறேன், கீழ்ப்பக்கமும் சேர்த்து. முதுகில் இருக்கிற வட்டத்தை மட்டும் ஈரம் படாமல் சுற்றித் துடைக்கிறேன். அது யார் கை என்று எனக்கு இன்னும் தெரியாது.